ஆபிரகாம் நீதிமானானது எப்போது? விளக்கம் வேண்டும்

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். வேதபாட வகுப்பில் ரோமர் 4-ஆம் அதிகாரத்தை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. ஒரு விஷயத்தில் உங்கள் உதவி தேவை.

ஆபிரகாமின் விசுவாசம் அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்று ஆதியாகமம் 15:6 சொல்கிறது. விருத்தசேதனம் (உடன்படிக்கைக்கு அடையாளமாக நுனித்தோலை நீக்கும் சடங்கு) வருவதோ 17-ஆம் அதிகாரத்தில்தான். ரோமருக்குக் கடிதம் எழுதிய அப்போஸ்தலர் பவுல் 4-ஆம் அதிகாரத்தில் இந்த வரிசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார். 430 வருடங்களுக்குப் பின் மோசே மூலம் வந்த நியாயப்பிரமாணம் (தேவனுடைய சட்டம்) ஆபிரகாமுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குத்தத்தத்தைத் தள்ளிவிட முடியாது என்று கலாத்தியர் 3:17-இல் வாதிடுகிறார். எவ்வளவு வலுவான வாதம்! வாசிக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

ஆனால் புதிய ஏற்பாட்டில் யாக்கோபு நிருபத்தை (கடிதத்தை) எழுதிய யாக்கோபு ஆதியாகமம் 15:6-ஐயே எடுத்து, தன் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் செலுத்தியபோது ஆபிரகாம் கிரியைகளினாலே (செயல்களினாலே) நீதிமானாக்கப்பட்டான் என்கிறார் (யாக்கோபு 2:21-23). பவுல் பேசுவது தேவனுக்கு முன்பான நீதி, யாக்கோபு பேசுவது மனிதர் முன் வெளிப்படும் நீதி என்று சிலர் விளக்குகிறார்கள். எனக்கு இது போதவில்லை. பலி செலுத்தப் போன மோரியாவில் ஈசாக்கைத் தவிர யார் பார்த்தார்கள்? ஆபிரகாம் வேலைக்காரர்களைக் கழுதையோடு தூரத்திலேயே நிறுத்திவிட்டானே.

நிருபங்களை ஆழ்ந்து படித்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். நியாயப்பிரமாணத்தின்படி செய்கிறவர்களே நீதிமான்களாக்கப்படுவார்கள் என்னும் ரோமர் 2:13-ஐ இதோடு எப்படிப் பொருத்துகிறீர்கள்?