சொக்சோ மறுத்துவிட்டால்: சுங்கை சிப்புட் தோட்டங்களுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிகள் தோட்டத்தில் அடிபட்டுப் படுத்தால், இங்குள்ள அண்ணன்மார் அன்போடு சொல்லும் முதல் யோசனை, "வெல்ஃபேர் ஆபீஸுக்குப் போ, ஓகேயூ அட்டை எடு" என்பதுதான். ஓகேயூ என்றால் மாற்றுத்திறனாளி. அது அவர்களுக்குத் தெரிந்த வழி. சமூக நல இலாகா தரும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை மலேசியக் குடிமக்களுக்கானது. பெர்மிட்டில் வந்தவர்கள் அங்கே போய் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டாம். நீங்கள் போகவேண்டிய இடம் சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். கடிதங்களில் அதன் பெயர் பெர்கேசோ என்றிருக்கும்.

2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அதன் வேலை விபத்துத் திட்டத்தில் இருக்கிறார்கள். அதற்கான 1.25 விழுக்காட்டை முதலாளிதான் கட்டவேண்டும், உங்கள் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. 2024 ஜூலையில் சேர்ந்த இயலாமைத் திட்டத்துக்கு மட்டும் 0.5 விழுக்காடு உங்கள் சம்பளத்திலிருந்து போகும். விபத்துத் திட்டத்துக்கு இத்தனை மாதம் வேலை செய்திருக்கவேண்டும் என்ற கணக்கு இல்லை. சேர்ந்த வாரமே செம்பனைக் குலை தோளில் விழுந்தாலும் கேட்கலாம். வேலைக்குப் போய்வரும் வழியில் நடந்த விபத்தும் இதில் சேரும். பாஸ்போர்ட்டும் பெர்மிட்டும் காலாவதியாகாமல் இருக்கவேண்டும். எம்.சி., அதாவது டாக்டர் தரும் மருத்துவ விடுப்பு, நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால் தினக்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும்.

மறுப்புக் கடிதம் பெரும்பாலும் முதல் நாள் கிளினிக் சீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு தோட்டத்தில் மட்டை வெட்டும்போது செம்பனை முள் கண்ணில் பாய்ந்த பையனின் சீட்டை நானே பார்த்தேன். கூட வந்த ஆள் சொன்னபடி "ஜாத்தோ டி ரூமா", அதாவது வீட்டில் விழுந்தார் என்று எழுதியிருந்தது. பையனுக்கு மலாய் தெரியாது. அந்த ஒரு வரியைக் காட்டித்தான் "வேலை விபத்து இல்லை" என்று மனுவைத் தள்ளினார்கள். நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. ஆகவே டாக்டரிடம் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்த வேலை செய்யும்போது என்று நீங்களே சொல்லுங்கள். மொழி வராவிட்டால் லயத்தில் மலாய் தெரிந்த ஒரு பிள்ளையை அழைத்துப் போங்கள். எழுதிய சீட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. தோட்ட ஆபீஸ் இழுத்தடித்தால் ஈப்போ அலுவலகத்துக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள்.

மறுப்பு இரண்டு வகை, இரண்டுக்கும் வழி வேறு. வேலை விபத்தே இல்லை என்று சொன்னால் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகவேண்டும். அங்கே சாட்சிதான் பேசும். அன்று பக்கத்து நிரையில் வெட்டியவர் யார், மண்டோர் (வேலையை மேற்பார்க்கும் கங்காணி) பேர் போட்ட புத்தகத்தில் உங்கள் பெயர் இருந்ததா என்பதையெல்லாம் கூட வேலை செய்தவர்கள் ஊருக்குத் திரும்பும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

விபத்தை ஏற்றுக்கொண்டு, மருத்துவக் குழு ஊன விழுக்காட்டைக் குறைத்துப் போட்டிருந்தால் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவிடம் 90 நாளுக்குள் மனு கொடுக்கவேண்டும். பலர் இதை அற்பம் என்று விட்டுவிடுகிறார்கள். 20 விழுக்காடு வரை என்றால் மொத்தமாக ஒரு தொகையோடு கணக்கு முடிந்துவிடும். அதைத் தாண்டினால் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாக எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஆயுள் முழுக்க மாதந்தோறும் வாங்கலாம். பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் இடையே ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது, தம்பி. மனுவோடு ஆஸ்பத்திரி நிபுணரின் புதிய அறிக்கையை இணையுங்கள். குழுவின் முன் வெறுமனே "வலிக்கிறது" என்று சொன்னால் போதாது. அரிவாள் கழியை எந்த உயரம் வரை தூக்க முடிகிறது, சட்டைப் பொத்தானை எந்தக் கையால் போடுகிறீர்கள் என்று செய்துகாட்டுங்கள்.

கடிதம் வந்த உறையைக் கிழித்து எறியாதீர்கள், அதன் மேலிருக்கும் தேதி முத்திரை தேவைப்படும். "டிதோலாக்" என்ற சொல் இருந்தால் மறுப்பு, "ராயுவான்" என்றால் மேல்முறையீடு. முடிவு வருவதற்குள் ஏஜெண்டு டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பப் பார்த்தால், மனு எண்ணையும் ஊர் வங்கிக் கணக்கையும் சொக்சோ அலுவலகத்தில் பேசி முடிக்காமல் விமானம் ஏறவேண்டாம். உங்களிடம் இருக்கும் கடிதத்தின் படத்தை, பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் மறைத்து, இங்கேயே போடுங்கள். எந்த வகை மறுப்பு என்று பார்த்துச் சொல்கிறேன்.