எதிரே வரும் வாகனங்களின் முகப்பு விளக்குக் கூச்சத்தைச் சமாளிப்பது எப்படி?

கேள்வி:
வாரம் ஒருமுறை திண்டுக்கல்லிலிருந்து தேனிக்கு இரவில் கார் ஓட்டிச் செல்கிறேன். நடுத்தடுப்பு இல்லாத இடங்களில், எதிரே வருபவர் ஹைபீமைத் தணிக்காமல் நெருங்கும்போது சாலையே மறைந்துவிடுகிறது. சென்ற வாரம் விளக்கில்லாத மாட்டுவண்டி ஒன்று மிக அருகில் வந்த பிறகே கண்ணில் பட்டது. அன்றிலிருந்து மனம் பதறுகிறது. மஞ்சள் கண்ணாடி அணிந்தால் பயன் உண்டா?

பதில் 1:
அருள்கூர்ந்து அதை வாங்க வேண்டாம். அது கூச்சத்தோடு சேர்த்து, இருட்டில் நடப்பவர் மீது பட்டுத் திரும்பும் சிறிதளவு ஒளியையும் குறைத்துவிடும். எதிர் விளக்கை நோக்காமல், சாலையின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி வேகத்தைக் குறையுங்கள். வண்டி கடந்த பிறகும் கண் தெளியச் சில விநாடிகள் ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடுகிறோம் என்பதால், உடனே ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள்.

பதில் 2:
முன்கண்ணாடியின் உட்புறத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். வெயிலில் சூடாகும் டேஷ்போர்டிலிருந்து எழும் ஆவி மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிந்திருந்தால், விரல் பட்ட இடம் தனிக் கோடாகத் தெரியும். எதிர் வெளிச்சத்தைச் சிதறடித்துக் கண்ணாடி முழுவதும் பரப்புவது அந்தப் படலமே. எனக்குப் பாதிக் கூச்சம் அதைத் துடைத்ததிலேயே நீங்கியது. டிக்கியில் சுமை ஏற்றினால் நம் விளக்கும் மேல்நோக்கி எழும் என்பதால், அதன் உயரத்தைக் குறைக்கும் திருகு உங்கள் காரில் இருந்தால் பயன்படுத்துங்கள்.

பதில் 3:
கூச்சம் அண்மையில்தான் கூடியது என்றால் கண் மருத்துவரையும் பாருங்கள். என் தந்தைக்குக் கண்புரை இருப்பது அப்படித்தான் தெரியவந்தது.