புதுப்பிப்பு: இன்சுலின் போட்டால் சுரப்பு மீளுமா?

"இன்சுலின் தொடங்கினால் ஆயுசுக்கும் விடாது" என்பது எல்லோருக்கும் பொருந்தாது என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் விட்டுப்போனவை இவை.

டைப் 2 சர்க்கரை நோயின் தொடக்கத்தில், ஏறியே கிடக்கும் சர்க்கரை, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை முடக்கிவிடுகிறது. எல்லாமே செத்துவிடுவதில்லை. சில வாரம் இன்சுலினால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் பல செல்கள் மறுபடி சுரக்கும். 2008-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சீன ஆய்வில், 2 முதல் 5 வாரச் சிகிச்சைக்குப் பின் ஓராண்டு மருந்தின்றி இருந்தவர்கள்: இன்சுலின் பம்பில் 51, இன்சுலின் ஊசியில் 45, மாத்திரையில் 27 சதவீதம்.

சுரப்பு மீளும்போது பழைய டோஸ் அதிகமாகிவிடும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். விடிகாலையில் சட்டை நனைய வியர்த்து எழுந்து, குளுக்கோமீட்டர் 68 காட்டினால் முதலில் 15 கிராம் குளுக்கோஸ். கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதனை. அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் 10–20 சதவீதம் டோஸைக் குறைப்பார்கள்.

சுரப்பு மீண்டதா என்று அறிய சி-பெப்டைடு ரத்தச் சோதனை உண்டு. இன்சுலினோடு சேர்ந்தே சுரக்கும் இந்தப் பொருள் உடல் தானே சுரப்பதை மட்டும் காட்டும். ஊசி இன்சுலினில் அது கிடையாது. அதே ரத்த மாதிரியில் குளுக்கோஸும் பாருங்கள், சர்க்கரை இறங்கியிருந்தால் சி-பெப்டைடும் குறைவாகவே வரும்.

ஒல்லியானவர்கள், வேகமாக எடை இழந்தவர்கள் காட் (GAD) ஆன்டிபாடி, அதாவது உடலே தன் பீட்டா செல்களைத் தாக்குகிறதா என்று காட்டும் ரத்தச் சோதனை, பார்க்காமல் இன்சுலினை நிறுத்தவே கூடாது. தயவுசெய்து. இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோஅசிடோசிஸ் உயிருக்கே ஆபத்து.