ரைஸ் குக்கர் வீட்டில் கைப்பிடி அரிசி: யாராவது செய்றீங்களா?

சாயர்புரத்துக்காரி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சின்ன விஷயம்தான், சிரிக்காதீங்க.

எங்க அம்மா ஊர்ல அடுப்படியில ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் வச்சிருக்காவ. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி அதுல விழும். ஞாயித்துக்கிழமை துணிப்பையில கொண்டுபோய் கோயில் வாசல்ல இருக்கிற சாக்குல கொட்டுவாவ. பத்து வயசுல ஒரு நாள் நான் சமைச்சேன். மூட்டையில இருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டதைப் பார்த்துட்டு, அதைத் திரும்ப மூட்டையிலயே கொட்ட வச்சாவ. "உழக்குல அளந்த பெறவு அதுல இருந்து எடு. நம்ம சோத்துல கொறையணும்லா"ன்னாவ.

இப்ப நான் மடிப்பாக்கத்துல இருக்கேன். நான், அவர், ஒரு பொண்ணு. குக்கர்ல ஒரு நாளைக்கு ரெண்டு கப். ஜூன்ல ஒரு டப்பா ஆரம்பிச்சேன், நிறைஞ்சுபோச்சு. இங்க சபை ஆபீஸ்ல கேட்டா, "அரிசியை வாங்கி நாங்க என்னம்மா பண்றது, ஜிபே பண்ணிடுங்க"ன்னுட்டாங்க. வீட்டுக்காரர் கணக்குப் போட்டார்: ஒரு பிடி நாப்பது கிராம், மாசத்துக்கு ஒண்ணேகால் கிலோ கூட வராது, நூறு ரூபா அனுப்பினா முடிஞ்சுது.

அவர் சொல்றதும் தப்பில்ல. ஆனா அரிசியில கை வைக்கிறப்ப ஒடிசா மலையில ஊழியம் செய்ற ஒரு குடும்பத்துக்காக ஜெபிப்பேன், ஃப்ரிட்ஜ்ல அவங்க ஜெப அட்டை இருக்கு. ஜிபே பண்றப்ப பின் நம்பர்தான் ஞாபகம் வருது. நீங்கள்லாம் என்ன பண்றீங்க?

உபதேசியார் வீட்டம்மா:
தோத்திரம் பிள்ளே. எங்க வீட்டுக்காரவ ஊர்ச் சபையைக் கவனிக்கிற ஊழியக்காரவ, அந்த அரிசியைத் தின்னவ நான். முப்பத்தோரு வருசம், பதினோரு ஊரு.

நீங்க எல்லாரும் போட்ட பெறவு அந்தச் சாக்கு எப்படி இருக்கும்னு யாராவது யோசிச்சியளா? பொன்னி, ஐஆர் இருபது, பச்சரிசி, ரேஷன் புழுங்கல் எல்லாம் ஒண்ணாக் கெடக்கும். உலை வச்சா ஒண்ணு கொழையும், ஒண்ணு வெறைச்சு நிக்கும். சோறு ஆக்கவே முடியாது. ஊறப்போட்டு இட்லிக்கு ஆட்டுவேன், இல்லன்னா புட்டுக்கு இடிப்பேன். வண்டு வந்த அரிசி எந்த வீட்டுலேர்ந்து வந்ததுன்னு கூட எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். பெரும்பாலும் கோயில்லயே ஏலம் போட்டுருவாவ, அது எங்களுக்கும் நிம்மதி.

உன் டப்பாவை அனுப்ப ஒடிசா வரைக்கும் போக வேண்டாம். உங்க அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் வீட்டுல அடுப்பு எரியுதான்னு பாரு. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நீ எங்க இருந்து எடுக்கே, கப்புலயா மூட்டையிலயா?

பழைய ரிஜிஸ்டர்:
நாங்க இதை 'காணிக்கை'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுறோம். கொஞ்சம் வரலாறு சொல்லட்டுமா?

1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் நம்ம ஜனங்களே கொடுத்து நம்ம ஆட்களையே அனுப்புவது என்பதுதான் திட்டம். அதில் முன்நின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அனுப்பிய இடம் இன்றைய தெலங்கானாவில் இருக்கும் தோர்ணக்கல். 1912-ல் அங்கேயே பேராயர் (பிஷப்) ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். அவர் திருமண்டலத்தில், அதாவது அவர் பொறுப்பில் இருந்த சபைகளில், பெரும்பாலோர் நிலமில்லாத தலித் கூலிகள். அங்கேயும் பெண்கள் சமைக்குமுன் ஒரு பிடி எடுத்து வைத்தார்கள்.

ஏன் அரிசி? கையில் காசு கிடையாது. வந்த காசும் ஆம்பிளை கையில். அரிசிப்பானை மட்டும்தான் பொம்பளை கையில். யாரிடமும் கேட்காமல் அவள் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான். சகோதரி, உங்களுக்கு உங்க சம்பளம் உங்க கணக்கிலேயே வருது என்றால், வீட்டுக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கு. (மீதிப் பாதியை உபதேசியார் வீட்டம்மா கேட்டுட்டாங்க.)

ஐஸ்வால் போஸ்டிங்:
மூணு வருஷம் மிசோரத்துல வேலை பார்த்தேன். அங்க இதுக்குப் பேர் 'புஹ்ஃபாய் தாம்', நம்ம கைப்பிடி அரிசியேதான். 1910-ல் தொடங்கினது, இன்னிக்கும் நடக்குது. எங்க ஹவுஸ் ஓனர் அம்மா கேஸ் அடுப்பு, ஸ்மார்ட் டிவி எல்லாம் வச்சிருந்தாங்க, அந்த அரிசிப் பெட்டியும் இருந்தது. சபைப் பெண்கள் வீடு வீடா வந்து சேகரிச்சு, வித்து, பணமாக்கி ஊழியத்துக்குக் கொடுப்பாங்க. அரிசியா, பணமாங்கிற சண்டையே அங்க இல்லை. எடுக்கிறது அரிசி, போய்ச் சேர்றது பணம். நீங்களும் மாசக்கடைசியில உங்க டப்பாவை நீங்களே விலைக்கு வாங்கிடுங்களேன்.

சாயர்புரத்துக்காரி:
அண்ணா, அது நல்ல யோசனை. வாட்ச்மேன் அண்ணன் வீட்டம்மாட்ட பேசினேன், ஜூன் டப்பா அவங்களுக்குப் போயிடுச்சு. ஒரே ரகம்தான் அம்மா, வண்டும் இல்ல.

ஆனா நீங்க கேட்டதுக்கு ரெண்டு நாளா பதில் எழுத முடியல. மூட்டையில இருந்துதான் எடுத்துட்டு இருந்தேன். குக்கர் கப்புல கோடு வரைக்கும் அளந்து, தண்ணியும் அந்தக் கணக்குக்கு ஊத்தணும்னு, யோசிக்காமலே மூட்டைப் பக்கம் கை போயிருக்கு.

இன்னிக்கு அளந்த ரெண்டு கப்புல இருந்து எடுத்தேன். தண்ணியை மட்டும் குறைக்க மறந்துட்டேன். சாப்பிட்டுட்டு அவர், "என்ன, இன்னிக்கு சோறு கொழைஞ்சிருக்கு, கொஞ்சம் கம்மியாவும் இருக்கே"ன்னார்.