கால்கரி பனிக்கு எது எடுக்கலாம்: ஆல் வீல் டிரைவா, விண்டர் டயரா?

பெருந்துறைக்காரன்:

வணக்கமுங்க. நவம்பர்ல வேலைக்காகக் கனடா, கால்கரி போறேன். போனதும் ஒரு பழைய கார் எடுத்தாகோணும். ரெண்டு யோசனை இருக்குது. ஒண்ணு, ஆல் வீல் டிரைவ் கிராஸ்ஓவர் எடுத்து, அதுல இருக்கற ஆல் சீசன் டயரோடயே ஓட்டிக்கறது. இன்னொண்ணு, முன்சக்கரம் மட்டும் இழுக்கற செடான் எடுத்து, மிச்சமாகற காசுல நாலு விண்டர் டயர் தனி ரிம்மோட வாங்கிக்கறது. ரெண்டையும் ஒட்டுக்கா வாங்கக் காசு பத்தாதுங்க.

ஆபீசுக்குப் போக வர தினம் 30 கிலோமீட்டர். லீவுல பான்ஃப்ங்கற மலையூர்ப் பக்கம் போவோம், கைக்குழந்தை இருக்குது. நாலு சக்கரமும் இழுத்தா வண்டி வழுக்காதுன்னு இங்க எல்லாருமே சொல்றாங்க. திம்பம், வால்பாறை ஓட்டியிருக்கேன், பனி ஓட்டினதில்லை. எதை எடுக்கட்டுங்க?

ஈரோடு அலைன்மென்ட்:

செடானும் நாலு விண்டர் டயரும் எடுங்க. ஏன்னு கணக்கோட சொல்றேன்.

ஆல் வீல் டிரைவ் செய்யறது ஒரே வேலை: எஞ்சின் இழுவையை நாலு சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்கும். நின்ன வண்டி கிளம்பறதுக்கும் மேடு ஏறறதுக்கும் அது நல்லது. ஆனா பிரேக் எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்துலயும்தான் இருக்குது. பிரேக் மிதிச்ச நொடியில உங்க கிராஸ்ஓவரும் செடானும் ஒண்ணுதான், எடை மட்டும் கிராஸ்ஓவருக்கு எச்சு. வளைவுல வண்டியை ரோட்டோட பிடிச்சு வைக்கறதும் டயர்தான்.

40 கிலோமீட்டர் வேகத்துல பிரேக் போட்டா வண்டி நிக்கற தூரம் உத்தேசமா இப்படி வரும். காஞ்ச தார் ரோடு, உராய்வு 0.7: 9 மீட்டர். இறுகின பனி, 0.2: 31 மீட்டர். கண்ணாடி மாதிரி ஐஸ், 0.1: 63 மீட்டர். நீங்க பார்த்து, யோசிச்சு, காலை வைக்கற நேரம் இதுல சேரலை. நல்ல டயர் அந்த 0.2-ஐ 0.3 ஆக்கினாலே 31 மீட்டர் 21 ஆயிடும். அந்தப் 10 மீட்டர்ல ரெண்டு கார் நிறுத்தலாம்.

இறக்கத்துல இன்னும் மோசமுங்க. பத்துக்கு ஒண்ணு சரிவுல உராய்வு 0.1 இருந்தா, பிரேக்கோட முழுப் பலமும் சரிவு இழுக்கறதைத் தாங்கவே சரியாப் போயிடும். வேகம் குறையவே குறையாது. ஆல் வீல் டிரைவ்காரங்க மாட்டறது இங்கதான். ஏறும்போது வண்டி சுளுவா ஏறிடுது, ரோடு எவ்வளவு வழுக்குதுன்னு ஓட்டறவருக்குத் தெரியறதே இல்லை.

ஏறறதையும் பாருங்க. முன்சக்கரத்து மேல 60 சதம் எடை இருக்கற செடான், விண்டர் டயரோட 0.3 பிடிப்புல ஏறக்கூடிய சரிவு சுமார் 18 சதம். ஆல் வீல் டிரைவ், ஆல் சீசன் டயரோட 0.2 பிடிப்புல 20 சதம். மேட்டுல எடை பின்னால சாயறதால செடானுக்கு இன்னும் கொஞ்சம் குறையும். அப்படியும் பெரிய வித்தியாசம் இல்லை.

இனி டயருக்கு வருவோம். ஆல் சீசன் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழ போகப்போக இறுகும், மைனஸ் 20-ல ரோட்டு மேடுபள்ளத்துல படியாது. விண்டர் டயர்ல சிலிக்கா எச்சா சேர்த்த கலவை, அந்தக் குளிர்லயும் மெத்துனு இருக்கும். ஒவ்வொரு பட்டன் (டயர் மேல துருத்திட்டு இருக்கற ரப்பர் கட்டை) மேலயும் பிளேடு கனத்துல நிறையக் கீறல் போட்டிருப்பாங்க, அதோட விளிம்புங்கதான் பனியைக் கவ்வும். பள்ளத்துல அடைஞ்ச பனியும் கெடுதி இல்லை, பனி பனியோட ஒட்டறதால பிடிப்பு கூடுது.

வாங்கும்போது பக்கவாட்டுல மூணு சிகரமும் நடுவுல பனித்துகளும் இருக்கற முத்திரையைப் பாருங்க. 'எம்+எஸ்' (சேறும் பனியும்னு அர்த்தம்) மட்டும் போட்டிருந்தா அது பட்டன் வடிவத்தை வச்சுக் கம்பெனியே போட்டுக்கறது, சோதனை எதுவும் கிடையாது. சிகர முத்திரைக்கு இறுகின பனியில சோதனை உண்டு. ஆனா அது பனியில இழுவையைச் சோதிக்கறது, ஐஸ்ல பிரேக்கை இல்லை. அதனால முத்திரை இருக்கற எல்லா டயரும் ஐஸ்ல ஒரே மாதிரி நிக்கும்னு நெனச்சுடாதீங்க.

பொள்ளாச்சி எட்மன்டன்:

அண்ணன் சொன்னது சரிங்க. ஊர் விவரம் கொஞ்சம் சேர்க்கறேன்.

கால்கரி இருக்கற ஆல்பர்ட்டா மாகாணத்துல விண்டர் டயர் போட்டே ஆகோணும்னு சட்டம் இல்லை. ஆனா பான்ஃப் தாண்டி மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள்ள நுழைஞ்சா, மலை ரோடுகள்ல அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரைக்கும் எம்+எஸ் அல்லது சிகர முத்திரை டயர் கட்டாயம், பட்டன் ஆழம் குறைஞ்சது 3.5 மில்லிமீட்டர். ஆல் வீல் டிரைவ்னு சொல்லித் தப்பிக்க முடியாது. கியூபெக்ல டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரைக்கும் கட்டாயம்.

கால்கரிக்குன்னு ஒரு வில்லங்கம் இருக்குது: சினூக் காத்து. மைனஸ் 20-ல கிடந்த ஊர் சில மணி நேரத்துல பிளஸ்ஸுக்கு வந்துடும். பகல்ல பனி உருகி ரோட்டுல ஓடும், ராத்திரி திரும்ப உறையும். காலையில ரோடு வெறுமனே ஈரமாத் தெரியும், ஆனா அது ஐஸ். கடுங்குளிர் ஐஸை விடப் பூஜ்யத்தை ஒட்டின ஐஸ்தான் ரொம்ப வழுக்கும், மேல தண்ணிப் படலம் நிக்கறதால. பாலத்து மேலயும் சிக்னல் கிட்டயும் முதல்ல பிடிக்கும்.

காத்து அளவு முக்கியமுங்க. 5, 6 டிகிரி இறங்கினா ஒரு பிஎஸ்ஐ குறையும். 20 டிகிரி இருக்கற ஷெட்டுக்குள்ள 33 வச்சுட்டு மைனஸ் 20-க்கு வெளிய எடுத்தா 26-தான் நிக்கும். அதனால வெளிய நின்ன வண்டியில, ஓட்டறதுக்கு முன்னாடி பார்த்து வைங்க.

அப்புறம் கார் பார்க்கும்போது முன்னாடி கிரில்லுல பிளக் ஒயர் தொங்குதான்னு பாருங்க. அது பிளாக் ஹீட்டர். மைனஸ் 15-க்குக் கீழ போனா கிளம்பறதுக்கு ரெண்டு, மூணு மணி நேரம் முன்னாடி ஓடற மாதிரி டைமர் வச்சாப் போதும், ராத்திரி முழுக்க வேண்டியதில்லை. இங்க பழைய கார் விக்கறவங்க பலபேர் ரெண்டு செட் டயரோடயே குடுப்பாங்க, அப்படித் தேடினா உங்க பட்ஜெட்டுக்கு நல்லது. முதல் பனி விழுந்துட்டா டயர் கடையில இடம் கிடைக்காது.

கோபி ஜீப்:

எல்லாரும் ஒரே பக்கம் பேசறீங்க. கால்கரியில பெரிய ரோட்டைத்தான் முதல்ல சுத்தம் பண்ணுவாங்க, வீட்டுத் தெருவுல பனி அப்படியே கிடக்கும். வீடு சரிவுல இருந்தா செடான் வாசல்லயே சுத்திட்டு நிக்கும். ஆல் வீல் டிரைவை அவ்வளவு லேசா ஒதுக்காதீங்க.

ஈரோடு அலைன்மென்ட்:

சரிவுல வீடு, சுத்தம் பண்ணாத சந்து, இந்த ரெண்டும் இருந்தா ஜீப்காரர் சொல்றது நியாயம். அப்பக்கூட ஆல் வீல் டிரைவோட விண்டர் டயரும் வேணும். வீடு பார்க்கும்போதே சரிவு இல்லாம பார்த்துக்கறது மலிவு. ஆழமான பனியில வண்டி நிக்கறதுக்குப் பாதிக் காரணம் அடிவயிறு தட்டறதுங்க. அது தரை உயரத்து விஷயம், எத்தனை சக்கரம் இழுக்குதுங்கறதில்லை.

பழைய ஆல் வீல் டிரைவ்ல இன்னொரு செலவும் ஒளிஞ்சிருக்குது. நாலு டயரும் சுத்தளவுல ஒண்ணா இருக்கோணும். பட்டன் ஆழம் ஒண்ணுக்கொண்ணு 2 மில்லிமீட்டர் தாண்டி வித்தியாசப்பட்டா, சின்ன டயர் வேகமாச் சுத்தும், நடுவுல இருக்கற கிளட்ச் ஓயாம வழுக்கிச் சூடாகித் தேயும். ஒரு டயர் கிழிஞ்சா நாலும் மாத்தற நிலை வரலாம்.

பெருந்துறைக்காரன்:

ரொம்ப நன்றிங்க. செடானே எடுத்துக்கறேன். மூணு சந்தேகம். முன்னாடிதான இழுக்குது, முன்னாடி ரெண்டுக்கு மட்டும் விண்டர் டயர் போட்டாப் போதாதுங்களா? ஓடின டயர் மலிவாக் கிடைச்சா வாங்கலாமா? சங்கிலி வச்சுக்கோணுமா?

ஈரோடு அலைன்மென்ட்:

முன்னாடி மட்டும் வேண்டவே வேண்டாம். முன்பக்கம் கவ்வும், பின்பக்கம் கவ்வாது. வளைவுல காலை எடுத்தாலோ பிரேக் தொட்டாலோ பின்பக்கம் வீசி வண்டி திரும்பிக்கும். நாலும் ஒரே ரகமா இருக்கோணும்.

ஓடின டயர் வாங்கினா, பக்கவாட்டுல டாட் (DOT)னு தொடங்கற எண்ணோட கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க. 3223-னா 2023-ல 32-வது வாரம் செஞ்சது. ஆறு வருசம் தாண்டினா பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். புதுசுல 8, 9 மில்லிமீட்டர் இருக்கும். 4-க்குக் கீழ போனா பனிக்கு ஆகாது.

சைசுல காசு மிச்சம் பண்ணலாம். ரிம்மை ஓர் இஞ்ச் குறைச்சு, டயரைக் கொஞ்சம் ஒல்லியா, பக்கச்சுவர் உயரமாப் போடுங்க. 215/55 ஆர்17 இருந்தா 205/65 ஆர்16 போடலாம், மொத்த உயரம் ஒரு சதம்கூட மாறாது. ஒல்லி டயர் பனியைக் கிழிச்சுத் தரையைத் தொடும், குழியில ரிம் வளையறதும் குறையும். சின்ன ரிம் பிரேக் கேலிப்பர்ல இடிக்காம இருக்குதான்னு கடையில மாட்டிப் பார்த்தே வாங்குங்க. தாங்கற எடை எண் கார்ல எழுதியிருக்கறதை விடக் குறையக்கூடாது. ஸ்டீல் ரிம்முக்கு நட்டோட அடிவடிவம் வேற வரலாம், கூம்புக்குக் கூம்பு, உருண்டைக்கு உருண்டை. மாறிப் போட்டா இறுக்கின மாதிரி தெரியும், ஓட ஓடக் கழண்டுக்கும். டார்க் ரெஞ்சுல மேனுவல் சொல்ற அளவுக்கு முடுக்கி, 100 கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப ஒருக்கா முடுக்கோணும்.

ஏப்ரல் கடைசியில கழட்டிடுங்க. வெயில்ல ஓட்டினா மெத்து ரப்பர் சீக்கிரம் தேஞ்சுடும், பிரேக்கும் நீளும். ரெண்டு செட்டும் மாத்தி மாத்தி ஓடறதால மொத்தச் செலவு ரெட்டிப்பு ஆகாதுங்க.

சங்ககிரி லாரி:

சங்கிலிக்கு நான் சொல்றேன். காஷ்மீர் லைன் ஓடற நம்மூர் லாரிங்களுக்கும் உங்க காருக்கும் முறை ஒண்ணுதான்: இழுக்கற சக்கரத்துக்குப் போடோணும். உங்களுக்கு முன்சக்கரம் ரெண்டும். கால்கரி ஊருக்குள்ள தேவைப்படாது, மலைப்பக்கம் போறப்ப டிக்கியில கிடக்கட்டும். வாங்கறதுக்கு முன்னாடி கார் மேனுவல் பாருங்க, சில டயர் சைசுக்குச் சங்கிலி கூடாதுன்னே போட்டிருப்பாங்க, உள்பக்கம் பிரேக் ஓஸ்ல உரசிடும்.

மாட்டற முறை: சமமான இடத்துல, ஏத்தம் தொடங்கறதுக்கு முன்னாடியே நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்க. சங்கிலியை முறுக்கில்லாம விரிச்சு, டயர் மேல போர்த்துங்க. உள்பக்கக் கொக்கியை முதல்ல மாட்டோணும், அப்புறம் வெளிப்பக்கம், அப்புறம் இழுத்துக் கட்டறது. 50 மீட்டர் உருட்டி இறங்கித் திரும்ப இழுத்துக் கட்டுங்க, கண்டிப்பாத் தளர்ந்திருக்கும். வேகம் 40 தாண்டாதீங்க. தார் தெரிஞ்சதும் கழட்டிடோணும், இல்லைன்னா கண்ணி அறுந்து மட்காடைக் கிழிக்கும். ஊர்லயே ஒருக்கா மாட்டிப் பழகிக்கோங்க, மைனஸ் 15-ல வெறுங்கை விரல் வேலை செய்யாது, ரப்பர் கிளவுஸ் வேணும்.

இறங்கறதுக்குத் திம்பத்துல பழகின விதியே இங்கயும்: ஏறின கியர்ல இறங்கு. ஒரு வித்தியாசம், கியரை இறக்கம் தொடங்கறதுக்கு முன்னாடியே குறைச்சுடோணும். பாதி இறக்கத்துல படக்குனு குறைச்சா எஞ்சின் பிடிப்பு முன்சக்கரத்தை மட்டும் அமுக்கி, ஸ்டீயரிங் கேக்காமப் போயிடும். ஆட்டோமேட்டிக்கா இருந்தா மேனுவல் பக்கம் தள்ளி ரெண்டாவது போடுங்க. குரூஸ் கண்ட்ரோல் தொடவே கூடாது. பிரேக்கை அமுக்கினா ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்காமப் பார்த்துக்கற அமைப்பு) கடகடன்னு காலை உதைக்கும், பயந்து எடுக்காம அமுக்கியே பிடிங்க. பனியில மாட்டிக்கிட்டு வண்டி கிளம்பலைன்னா, சக்கரம் வெறுமனே சுத்தாமத் தடுக்கற டிராக்‌ஷன் கண்ட்ரோலை நிறுத்திட்டு, ரெண்டாவது கியர்ல லேசா முன்னயும் பின்னயும் ஆட்டி எடுக்கோணும். ஆக்சிலேட்டர் எச்சா மிதிச்சா டயருக்கடியில பனி உருகி ஐஸாயிடும், அப்புறம் ஆளு வந்துதான் தள்ளோணும். டிக்கியில ஒரு சின்ன மம்பட்டியும் அஞ்சு கிலோ மணலும் போட்டு வச்சுக்கோங்க.