புதுப்பிப்பு: ஃப்ரீபிஎஸ்டியில் ஆர்ஈ0 வாட்ச்டாக் டைம்அவுட், தீர்வு கிடைத்தது

உதவிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ரியூஷன் நிலையத்தில், ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் (ஓஎஸ்) ஓடும் ஃபைல் சேர்வரின் இணைப்பு அறுந்துபோவது பற்றி இங்கே கேட்டிருந்தேன். அதில் இருப்பது ரியல்டெக் 8111 நெட்வொர்க் கார்ட்; ஃப்ரீபிஎஸ்டியில் அதன் பெயர்தான் ஆர்ஈ0. பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்தாலே "ஆர்ஈ0: வாட்ச்டாக் டைம்அவுட்" (கார்ட் உரிய நேரத்தில் பதில் தரவில்லை) என்று காட்டிவிட்டு இணைப்பு அறுந்துபோகும்.

கேபிளையும் சுவிட்ச் போர்ட்டையும் மாற்றிப் பார்த்தேன், பலன் இல்லை. டிஎஸ்ஓ, செக்சம் ஆஃப்லோட் (தரவைத் துண்டாக்குவது, பிழை சரிபார்ப்பது ஆகிய வேலைகளைக் கார்டிடமே விடும் வசதிகள்) இரண்டையும் நிறுத்தியதும் அறுவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. சரிவந்தது, ரியல்டெக்-ஆர்ஈ-கேமாட் பொதியை (ரியல்டெக்கின் சொந்த ட்ரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள்) போடச் சொல்லி இங்கே பதில் தந்த அண்ணாவின் யோசனைதான்.

இதைக் கட்டாயம் கவனியுங்கள்: ஃப்ரீபிஎஸ்டியோடு வரும் ஜெனரிக் கர்னலுக்குள்ளேயே (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) ஓர் ஆர்ஈ ட்ரைவர் இருக்கிறது. அதனால், பூட் ஆகும்போது படிக்கப்படும் லோடர்.கான்ஃப் கோப்பில் இஃப்_ஆர்ஈ_லோட் வரிக்கு "யெஸ்" கொடுப்பது மட்டும் போதாது. இஃப்_ஆர்ஈ_நேம் வரியில் புது இஃப்_ஆர்ஈ.கேஓ கோப்பின் முழுப் பாதையையும் எழுத வேண்டும்; அது பூட் அடைவில் மாட்யூல்ஸுக்குள் இருக்கும். அப்புறம் ரீபூட்.

எதிர்பாராமல் கைகொடுத்தது ஆண்ட்ராய்டு போன். பொதியை இறக்க இணைப்பு வேண்டுமே! யூஎஸ்பி டெதரிங் (போனின் இணையத்தைக் கேபிள் வழியே பகிர்வது) போட்டு, அதற்கான ட்ரைவரான இஃப்_யூஆர்என்டிஐஎஸ் மாட்யூலை ஏற்றியதும் யூஈ0 என்ற புது நெட்வொர்க் இணைப்பு வந்தது. முகவரி கேட்டு வாங்கும் டிஎச்கிளையன்ட் கட்டளையை ஓடவிட, ஐபி முகவரி கிடைத்தது.

ஓஎஸ்ஸைப் புதிய வெர்ஷனுக்கு உயர்த்தினால் இந்தப் பொதியையும் மறுபடி நிறுவுங்கள். மாட்யூல் கர்னலோடு ஒத்துப்போக வேண்டும்.