தம்பிக்காக 80டிடி கழிவு கேட்டேன், அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள்

வைகைக்கரை:
வணக்கம். அறிவுசார் குறைபாடுள்ள என் தம்பியை நான்தான் பராமரிக்கிறேன். தம்மைச் சார்ந்துள்ள மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவருக்கு வருமான வரியில் உள்ள 80டிடி கழிவை அவனுக்காகக் கேட்டபோது, கணக்குப் பிரிவில் முடியாது என்று திருப்பிவிட்டார்கள். சார்ந்திருப்போர் என்றால் மனைவி மக்கள் மட்டும்தானா? விவரம் தெரிந்தவர்கள் விரைவில் சொல்லுங்கள்.

நெல்லைவாசி:
ரசீது இல்லாததால்தான் மறுத்திருப்பார்கள். மருந்துக்கடைச் சீட்டு முதல் பயிற்சிக் கட்டணம் வரை அனைத்தையும் தொகுத்து மீண்டும் கொடுங்கள்.

பேரேடு:
ரசீதுகளைக் கூட்டி வருவதன்று இந்தக் கழிவு. இதை இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். சட்டப்பிரிவை ஒருமுறை படித்துவிட்டுப் பேசுவது அனைவருக்கும் நல்லது. வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், பெற்றோர் மட்டுமின்றி உடன்பிறந்தாரும் வரையறைக்குள் வருவார்கள். சிகிச்சைக்கோ பயிற்சிக்கோ மறுவாழ்வுக்கோ நீங்கள் செலவு செய்திருந்தால், அந்தத் தொகை எவ்வளவாக இருந்தாலும், குறைபாடு 40 விழுக்காடு முதல் 75,000 ரூபாயும் 80 விழுக்காடு முதல் 1,25,000 ரூபாயும் வரிக்குரிய வருமானத்திலிருந்து முழுமையாகக் கழியும். சான்றிதழில் எத்தனை விழுக்காடு, பழைய வரிமுறையா புதியதா, சம்பளம் எவ்வளவு என்று எதையுமே சொல்லாமல் கேட்டால் யார் என்ன பதில் சொல்வது?

மல்லிகைப்பந்தல்:
தம்பிக்கு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் வருகிறதா? வந்தால் அவருக்கென்று வருமானம் இருப்பதாகிவிடும். சார்ந்திருப்பவராகக் காட்ட முடியாது.

பேரேடு:
தவறு. 'முழுமையாகவோ பெரும்பாலுமோ' சார்ந்திருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் நிபந்தனை. மாற்றுத்திறனாளி தமக்கே கேட்கும் 80யு கழிவைத் தம்பி தம் பெயரில் கேட்டிருந்தால்தான் அண்ணன் கேட்க முடியாது.

மல்லிகைப்பந்தல்:
பெரும்பாலும் என்பதற்குச் சட்டத்தில் தொகை வரம்பு ஏதும் இல்லையே, அதிகாரி கேள்வி கேட்டால் என்ன காட்டுவது?

நெல்லைவாசி:
அதற்குத்தான் ரசீதுகளை வைத்திருக்கச் சொன்னேன்.

வைகைக்கரை:
85 விழுக்காடு. புதிய வரிமுறை. 2025–26 நிதியாண்டுக்குச் சம்பளம் 14 லட்சம். வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம், சேமிப்புகளுக்கான 80சி கழிவு முழுவதும் உண்டு. உதவித்தொகை வருகிறது, பயிற்சி மையத்துக்குப் போய்வரும் வேன் கட்டணத்துக்கே அது போதவில்லை.

கணக்குப்பிள்ளை:
மறுத்த காரணம் இதுதான். வரி விகிதத்தைக் குறைத்து, பெரும்பாலான கழிவுகளை விட்டுவிட்ட புதிய முறையில் 80டிடி கிடையாது. சம்பளக்காரர் கடைசித் தேதிக்குள் கணக்கைத் தாக்கல் செய்யும்போது பழைய முறைக்கு மாறிக்கொள்ளலாம். அலுவலகத்தின் ஒப்புதல் அதற்குத் தேவையில்லை. ஆனால் மாறுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளக்காரர் அனைவருக்குமான நிலைக்கழிவு 50,000, 80சி ஒன்றரை லட்சம், வட்டி 2 லட்சம், தம்பிக்கான 1,25,000 எல்லாம் போக, பழைய முறையில் 8,75,000 ரூபாய்க்கு, மேல்வரியும் (செஸ்) சேர்த்து 91,000 ரூபாய் வரி வருகிறது. புதிய முறையிலோ 75,000 நிலைக்கழிவு மட்டும் போக 81,900தான். மாற்றுத்திறனாளியைப் பராமரிக்கும் குடும்பத்துக்கென்று இருந்த ஒரு சலுகையைப் புதிய முறையில் விட்டுவிட்டது எனக்குச் சற்றும் நியாயமாகப் படவில்லை. ஆனாலும் உங்கள் கைக்காசு மிஞ்சுவது அங்கேதான். பெற்றோர் 60 வயதைக் கடந்தவர்களாக இருந்து, அவர்களுடைய மருத்துவக் காப்பீட்டுக்கு நீங்கள் 50,000 ரூபாய் கட்டினால் மட்டும் பழைய முறை 80,600க்கு இறங்கும். கட்டுகிறீர்களா?

வைகைக்கரை:
அம்மாவுக்கு மட்டும் 32,000 கட்டுகிறேன். அப்படியென்றால் புதிய முறையிலேயே தாக்கல் செய்துவிடுகிறேன். அனைவருக்கும் நன்றி.